ரேணுகாம்பாள் கட்டிய காப்பு

ரேணுகாம்பாளால் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியேதான் சாப்பிடுவாள். வேலையோ திருவண்ணாமலை தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டு ஆபரேட்டர். ஹெட்செட்டை மாட்டினால் எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழக்கூடாது. அந்த எட்டு மணி நேரத்து நடையையும் வீட்டில் நடந்து தீர்க்கிறாள் என்று அவள் கணவன் காசி சொல்வான். கடிகார ரிப்பேர் கடை வைத்திருந்த காசிக்குக் காலை முதல் மாலை வரை ஒரே ஸ்டூலில் அசையாமல் இருக்க வரும். இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தியதோ, பொருந்தியது.

ஊர் ஆட்டம் என்ற விளையாட்டு பிறந்ததுகூட அவளால் உட்கார முடியாமல் போனதால்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். போளூர் சாலையில் இருந்த ஒரு மண்டபத்தைப் பேங்க் ஊழியர்களும் தொலைபேசி ஊழியர்களும் சேர்ந்து இரண்டு நாளைக்கு எடுத்து, செஸ், கேரம், தாயம் என்று வருஷா வருஷம் விளையாட்டு விழா நடத்துவார்கள். 1989ஆம் வருஷ விழாவில் சாயங்காலம் கரண்ட் போனது. எல்லோரும் காய்களைக் கலைக்காமல் இருட்டில் காத்திருந்தார்கள். ரேணுகாம்பாள் எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு, கரண்ட் வருகிறவரைக்கும் இது ஒரு ஊர் என்று அறிவித்தாள். பேங்க் கிளார்க் மூர்த்தியைத் தலைவராக்கினாள். கேரம் ஆட வந்த ஒருவரை ஆடு திருடியவன் என்றாள். என்ன ஊர் என்று யாரோ கேட்டதற்கு, சும்மா ஒரு ஊரு என்றாள். ஊருக்குச் சும்மாப்பாக்கம் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தது. செஸ் பலகைக்கு யாரும் திரும்பவில்லை. ஆட்டுத் திருட்டு விசாரணை இரவுச் சாப்பாடு வரை போனது.

அடுத்த வருஷமே அந்த ஆட்டத்துக்கென்று தனியாகப் பெயர் பதிவு செய்துகொண்டார்கள். ஆளுக்கொரு சீட்டு. அதில் உன் பெயர் இது, தொழில் இது, உனக்கு வேண்டியது இது என்று காசி அழகான கையெழுத்தில் எழுதித் தருவான். மற்றதை அவரவர் பேசி நடந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரேணுகாம்பாள் ஆட்டத்தில் சேரமாட்டாள். சீட்டு கொடுப்பாள், சண்டை மூட்டுவாள், மூட்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போவாள்.

ஒரு குறைதான். நெஞ்சில் பெயர் அட்டை குத்திக்கொண்டு பத்து மணிக்குத் தொடங்கும் ஊர், மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். ஒருவர் டீ குடிக்கப் போவார், ஒருவர் மேட்னி ஷோவுக்குப் போவார். பஞ்சாயத்து கூடினால் தலைவர் இருப்பார், புகார் சொன்னவர் இருக்கமாட்டார். "ஊரைக் கட்டி வைக்க முடியலையே" என்று அவள் காசியிடம் புலம்பினாள்.

1993 மார்கழியில் கட்டி வைத்தாள். சுற்றுப்பட்டு கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்துத் திருவிழா நடக்கும்போது காப்பு கட்டுவார்கள். மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர், கொடி இறங்கிக் காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆட வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டு அம்மியில் மஞ்சள் அரைத்து, நூலை நனைத்து, சனிக்கிழமை காலை நாற்பது பேருக்கும் தன் கையாலேயே மூன்று முடிச்சு போட்டாள். மண்டபத்துக் கேட்தான் எல்லை, நாளை சாயங்காலம் நானே அவிழ்ப்பேன் என்று சொன்னாள். அன்றைக்கு டீக்கடைக்குக்கூட ஒருவரும் போகவில்லை. இராத்திரி ஜமுக்காளத்தை விரித்து அங்கேயே படுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சக ஆபரேட்டருக்குக் காய்ச்சல். பன்னிரண்டு மணிக்கு டூட்டிக்கு வரும்படி ஆள் வந்தது. ஆட்டம் நடக்கட்டும், எட்டு மணிக்கு வந்து அவிழ்க்கிறேன் என்று மூர்த்தியிடம் சொல்லிவிட்டு மொபெட்டில் கிளம்பினாள்.

நாலே கால் மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவசர டிரங்க் கால் வந்தது. கேட்டது மண்டபத்து நம்பர். பேச வேண்டிய ஆள் புகழேந்தி. மின்வாரியத்தில் லைன்மேன், ஊர் ஆட்டத்தில் அந்த வருஷம் ஏரி மடைக்குக் காவல்காரன். ஆபரேட்டர் ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். அவள் லைனை விடவில்லை.

பேசியது புகழேந்தியின் மச்சான் மணி. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த புகழேந்தியின் மனைவி சரசுவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், வேன் கிளம்புகிறது, ஆபரேஷன் என்றால் புருஷன் கையெழுத்து கேட்பார்கள். மாமா முன்கூட்டியே போய் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்.

புகழேந்தி, "நீயே போட்டுடேன் மணி" என்றான்.

ரேணுகாம்பாள் போர்டில் பேச்சுச் சாவியைத் தட்டி நடுவில் நுழைந்தாள்.

"புகழேந்தி, ரேணுகா பேசுறேன். கயித்த அறுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

"அக்கா, நீங்களா. அறுக்கக் கூடாதுக்கா. கட்டின கையே அவுக்கணும்."

"அது ஆட்டத்துக்குக் கட்டினதுப்பா. மூர்த்தி சார்கிட்ட கத்தரி இருக்குது."

"எங்க பெரியப்பா மவன் காப்போட உரம் வாங்க வேட்டவலம் போயிட்டு வந்தான். அன்னைக்கே அவன் கொழந்தைக்குச் சொரம். மூணாம் நாளு சுடுகாட்டுக்கு நாங்கதான் தூக்கினு போனோம். நான் இப்ப இத்தோட எல்லை தாண்டி, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எங்க வீட்டு அம்மியில நான் அரைச்ச மஞ்சள்டா அது."

"எல்லாக் காப்பும் யாரோ ஒருத்தர் வீட்டு மஞ்சள் தானேக்கா."

அவன் மின்கம்பத்தின் உச்சியில் மழையில் நின்று வேலை பார்க்கிறவன். பயந்த சுபாவம் இல்லை. மனைவிக்காகத்தான் கேட்டுக்கு உள்ளே நிற்கிறான். நாற்பது பேர் ஓடிப்போகாமல் இருப்பதற்காக அவள் எடுத்துப் பயன்படுத்திய நம்பிக்கை அது. அவன் அதை ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தருகிற பொருளாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

போர்டில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு ஆபரேட்டர் கிடையாது. அடுத்த ஆள் எட்டு மணிக்குத்தான். வேன் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நான்காவது விளக்கு எரிந்தது. செருப்பைத் தேடாமல் வெளியே வந்து மொபெட்டை மிதித்தாள்.

சபரிமலைக்குப் போகிற வேன்கள் வழி நெடுக நின்றன. மண்டபத்துக்குப் போய்ச் சேரப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. புகழேந்தி கேட்டுக்கு ஒரு சாண் உள்ளே செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். மூர்த்தி கத்தரிக்கோலும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். அதை அவளிடம் நீட்டக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் தண்ணீர் பட்டு முடிச்சுகள் இறுகியிருந்தன. முதலாவது நகத்துக்கு வந்தது. இரண்டாவதற்கு நகம் ஒடிந்தது. மூன்றாவதைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் கையோடு வந்தது. மொபெட் சாவியை அவனிடம் கொடுத்தாள். அவன் ஏறிப் போனான்.

திரும்பிப் பார்த்தால், சும்மாப்பாக்கமே மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தலைவர் மூர்த்தியும் கூச்சத்தோடு கையை நீட்டினார். "எட்டு மணிக்கு" என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசி நிலையத்தை நோக்கி வெறுங்காலோடு ஓடினாள்.

அதன்பிறகு அவள் எழ முடியாத மூன்று மணி நேரம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வேலூர், மெட்ராஸ், விழுப்புரம் என்று லைன் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்யலாம். செய்து, யாராவது எடுத்து, ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று செய்யவில்லை. ஏழு பத்துக்கு உள்ளூர் லைனில் மணி அடித்தது.

"பொண்ணுக்கா" என்றான் புகழேந்தி. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வண்டியில பெட்ரோல் கம்மியா இருக்குது, போட்டுட்டுக் கொண்டாறேன்."

எட்டு மணிக்குப் போய் மீதி முப்பத்தொன்பது காப்பையும் அவிழ்த்தாள். ஒன்பது ஆகிவிட்டது. அதுவரை ஒருவரும் கேட்டைத் தாண்டவில்லை.

மெட்ராசுக்கு லைன் கேட்டுக் காத்திருந்த மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். முப்பத்தைந்து நிமிஷம் போர்டை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வயிற்றுவலி என்று எழுதச் சொன்னார் மூர்த்தி. அவள் எழுதியது இரண்டு வரி: ஒருவருக்குக் காப்பு கட்டியிருந்தேன். அவிழ்க்கப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு அது திமிராகப் பட்டது. போளூருக்கு மாற்றினார். தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே பயணம். அவளுக்கு அது தண்டனையாக இல்லை என்பதை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

சரசுதான் விடவில்லை. குழந்தை கவிநிலாவுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது பார்க்கப் போனவளிடம், காப்பித் தம்ளரை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"என் வூட்டுக்காரரைக் கட்டிப் போட்டது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"இனிமே யாரையாச்சும் கட்டினா, அவங்களே அவுத்துக்கிற மாதிரி கட்டுங்க."

அடுத்த வருஷம் கேட் கம்பியில் சணல் கயிற்றில் ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. நூல் வெள்ளை, மஞ்சள் இல்லை. யார் வேண்டுமானாலும் தானே வெட்டிக்கொண்டு போகலாம். போனவர் திரும்பி வந்தால் பழைய ஆள் இல்லை, புதுச் சீட்டோடு புது ஆள். பழையபடி ஊர் காலியாகிவிடும் என்று மூர்த்தி பயந்தார். அந்த வருஷம் வெட்டிக்கொண்டு போனவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட்டிருந்தவர்.

ஆட்டம் வளர்ந்தது. இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். எண்பது பேர், இரண்டு ஊர், நடுவில் ஒரு ஏரித் தகராறு. சில வருஷம் கத்தரியைத் துரு பிடிக்காமல் துடைத்து வைப்பதுதான் அவளுக்கு வேலையாக இருந்தது. எல்லா இடத்துக்கும் நேரடி டயலிங் வந்து டிரங்க் போர்டை எடுத்தபோது அவளை மறுபடி திருவண்ணாமலைக்கே கொண்டுவந்து கவுன்டரில் உட்காரவைத்தார்கள்.

2003 மார்கழியில் முதல்முறையாகத் தனக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று கேட்டாள். காசி ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் போலச் சட்டென்று எடுத்துக் கொடுத்தான்: ஊர்ப் பூசாரியின் மனைவி, வீட்டை விட்டு வெளியே வராதவள். அத்தனை பேருக்கும் எதிரில் சிரித்துவிட்டான். நூலைச் சரசு கட்டினாள், இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக.

பத்தரை மணிக்கே கேட் பக்கம் கத்தரி சத்தம் கேட்டது. ரேணுகாம்பாள் டீக்கடை வரை போய்விட்டு வந்து வேறு சீட்டு வாங்கினாள், வளையல்காரி. பன்னிரண்டு மணிக்கு மறுபடி வெட்டினாள். மத்தியானம் கேட்டருகே நின்ற புகழேந்தி, "இன்னாக்கா, மறுபடியுமா?" என்று கேட்டபடி மணிக்கட்டுக்கு நேராகக் கத்தரியைப் பிடித்துக் கொடுத்தான்.

சாயங்காலம் ஆட்டம் முடிந்தபோது சும்மாப்பாக்கத்தில் அன்றைக்கு மட்டும் அவள் ஐந்து பேராக இருந்திருந்தாள்.