முகம் கழுவி வந்த மாப்பிள்ளை

பழைய ரேடியோக் கடைக்குள் எலுமிச்சை வாசனை அடித்தது. பழத்தின் வாசனை இல்லை, கழிவறையில் தெளிக்கும் திரவத்தின் வாசனை. அவளுக்குக் குமட்டியது.

அப்பா போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் குமட்டல்தான். "தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்து வச்சவர்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னபோது குமட்டியது. அப்பாவின் சட்டைகளை அண்ணன் அவ்வளவு அவசரமாக மூட்டை கட்டியபோது குமட்டியது. இப்போது கடைக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அப்பாவின் ரிசீவரைப் பூனைக்குட்டி போலத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொக்கிஷம்மா இது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரெண்டும் ஒரே பெட்டியில. இந்த மாதிரி கனமா இப்ப எவன் செய்யறான்?"

அது அப்பாவுடையது என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

வேலை பார்க்கும் ஊருக்கு அவள் திரும்பிய வாரமே அண்ணன் போன் செய்திருந்தான். "மாப்பிள்ளைய அனுப்பி வச்சிட்டேன். வீட்ல இடத்த அடைச்சிக்கிட்டு கெடந்துச்சு." அம்மாவும் தலையாட்டியிருக்கிறாள். எங்கே விற்றான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனை வைத்தாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். வீட்டுக்குப் போகும்போது அது கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா குளிர்பதனக் கிடங்கில் இயந்திர அறை ஆள். கம்ப்ரசருக்கு இடப்பக்கம் நாற்காலி. வேலைக்காலம் முழுக்க அதே நாற்காலி. அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார், வலது காது அந்த அறையிலேயே தங்கிவிட்டது. சொல்லிக்கொள்ளும்படியான வாழ்க்கை இல்லை. அழுத்தமானியைப் பார்ப்பார், எண்ணெய் விடுவார், வால்வைத் திருகுவார், வீட்டுக்கு வருவார். கோபம் வந்தால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை, மூடப்போகும் மதுக்கடை ஒன்றிலிருந்து கிடங்கின் உறைபெட்டியைத் திரும்ப எடுத்துவரப் போனார். வரும்போது உறைபெட்டியோடு இந்த ரிசீவரும் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள்.

அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சீ, என்ன கண்றாவி இது? உள்ள எலி செத்துக் கெடக்கு."

எலி இல்லை, கரப்பான் இருந்தது. குடும்பமாகவே இருந்தது. குமிழ்களின் இடுக்கில் பீடிச் சாம்பலும் பிசுபிசுப்பும் கலந்து பழுப்புப் பசையாகியிருந்தது. அப்பா பழைய பல்துலக்கியால் வாரக்கணக்கில் சுரண்டினார். அழுக்கு போனது, நாற்றம் போகவில்லை. சூடேறியதும் உள்ளிருந்து புகை நாற்றம் கிளம்பி வீடு முழுக்க உலாத்தும்.

"வேலைவெட்டி இல்ல, வெட்டியா நடுவீட்ல உக்காந்திருக்கு. அதுக்குத் துடைச்சுவிட ஆள் வேற" என்றாள் அம்மா. "வீட்டோட வந்த மாப்பிள்ளை கணக்கா."

அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. மகள் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன பிறகு இன்னும் பிடித்துப் போயிற்று. "இந்த வீட்டுக்கு இவன் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. பேசச் சொன்னா பேசுவான், நிறுத்தச் சொன்னா நிறுத்துவான். வேற எவன் வருவான் அப்படி?"

கூட வந்த இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை நிஜமாகவே எலி தின்றிருந்தது. மிச்சம் ஒன்று. அதைத் தன் இடது காதுப் பக்கம் வைத்தார். பாட்டு பாதிதான் வந்தது. பாடுகிறவள் வந்தாள், வயலின் வரவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ பட்டன் உடைந்து, அந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. அப்பா மூடியைக் கழற்றி, பட்டன் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்தார். பட்டாணி அளவுக்கு ஈயம். மின்னணுவியல் படிக்கப் போன முதல் விடுமுறையில் அவள் அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஸ்டீரியோன்னா ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைக்கணும்பா."

"எனக்கு ஒரு பக்கம்தானேம்மா இருக்கு. ஒரு காது, ஒரு ஸ்பீக்கர். பொருத்தம் பாத்தாச்சு."

மாலையில் அப்பா அதன் முன் உட்காருவார். சில நாள் பாட்டுகூடக் கேட்கமாட்டார். பெரிய குமிழை ஒரு சுழற்றுச் சுழற்றிவிடுவார். முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நிலையங்களை எல்லாம் உரசிக்கொண்டு, தானாகவே வழுக்கிப் போகும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக்காரர் இப்போது அந்தக் குமிழைச் சுழற்றிக் காட்டினார். முள் போனது. முகப்பில் நீல விளக்கு எரிந்தது. முன்பு அங்கே அழுக்கு மஞ்சள் வெளிச்சம் இருந்தது.

"பல்பெல்லாம் மாத்திட்டேன். வந்தப்ப கிட்டயே போக முடியாதும்மா, அப்படி ஒரு நாத்தம். அஞ்சாறு தடவ மருந்து போட்டுக் கழுவினேன். அது போகட்டும், உள்ள ஒரு புண்ணியவான் வெல்டிங் பண்ணி வச்சிருந்தான் பாருங்க. ரெண்டு சேனலையும் சேர்த்து ஒரு கம்பி. எந்த மடையன் செஞ்சானோ. வெட்டி எறிஞ்சிட்டுப் புது பட்டன் போட்டேன். இப்ப சுத்தமான ஸ்டீரியோ."

"அந்தக் கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"வெட்டினது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேசைக்கடியில் இருந்த தகர டப்பாவை இழுத்து, அறுந்த ஒயர், வெந்த மின்தடை எல்லாவற்றையும் கிளறி, ஒரு முனையில் ஈயம் உருண்டிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"குப்பைம்மா இது."

"எங்கப்பா வச்ச ஈயம்."

கடைக்காரர் கையுறையைக் கழற்றினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கம்பியையே பார்த்தார். "கெட்டியாத்தான் வச்சிருந்தார்" என்றார் பிறகு. "லேசுல வெட்ட முடியல."

அவர் சொன்ன விலைக்கு அவள் பேரம் பேசவில்லை. கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு ரிசீவரைத் தூக்கிக்கொண்டாள்.

வீட்டில் அண்ணன் கதவைத் திறந்தான். "வித்தத வாங்கிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு மறை கழண்டு போச்சா?"

"வழி விடு. கனமா இருக்கு."

அவள் அதைப் பழைய இடத்தில் வைத்து ஒயரைச் செருகினாள். அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். பளபளப்பையும் நீல வெளிச்சத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருடி இது?"

"மாப்பிள்ளை."

"மூஞ்சியக் கழுவிட்டு வந்திருக்கானா?" என்று சொல்லிவிட்டு அம்மா குனிந்தாள். மூடியின் துவாரங்களில் மூக்கை வைத்து மோந்தாள். பழைய நாற்றத்துக்காக அவளிடம் மாப்பிள்ளை வாங்காத வசவு இல்லை. இன்னொரு முறை மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் கோணியிருந்தது.

"சீ" என்றாள். "எலுமிச்ச நாறுது."

அண்ணன் மூலையிலிருந்த ஒற்றை ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது வேண்டாம் என்று கடைக்காரர் விட்டுப்போயிருந்தார்.

மோனோ பட்டன் புதிது, அமுக்கினால் போதும். அவள் அமுக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் அவள் பற்றவைப்பை உருப்பெருக்கியில் பார்த்தும் யாரும் குறை சொன்னதில்லை. அப்பாவின் பற்றவைப்புக் கோலைச் சூடேற்றி, கம்பியைப் பழைய இடத்தில் பொருத்தினாள். சுத்தமாக, பளபளவென்று, கடுகளவு ஈயம்.

அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "அது இல்ல. அவர் வச்சது பெருசு."

"இதுவே போதும்மா. கரண்ட் போகும்."

"அன்னிக்கும் டார்ச் பிடிச்சது நான்தான். எனக்குத் தெரியாதா? வைடி இன்னும்."

வைத்தாள்.

"இன்னும்."

ஈயம் உருகி, வழிந்து, மேலேறி, கரிபிடித்து உருண்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மின்சுற்றுப் பலகையையே தூக்கி எறிந்திருப்பாள். பார்க்க அருவருப்பாக இருந்தது.

"ஆங்" என்றாள் அம்மா.

அவள் மூடியைப் போட்டுத் திருகினாள்.