ஸ்டெல்லா ஏறிவந்த அமரர் ஊர்தி

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்ற செய்தி எர்ணாவூருக்கு இரண்டாவது முறையாக வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. நானும்தான். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போயும் பலனில்லை என்று அவருடைய மகளே போனில் அழுதுகொண்டு சொன்ன பிறகுதான் நம்பினேன். முதல் முறை வந்தது பொய்ச் செய்தி. அந்தப் பொய்க்கு நானும் உடந்தை என்பதால் அதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

ராயபுரத்தில் பிறந்து, ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து, கல்யாணமாகி எர்ணாவூர் வந்தவர் ஸ்டெல்லா. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். நான் செயலாளர், அதாவது மனு எழுதுபவன். "நைனா, நீ எழுதற மனுவ அவுங்க பஜ்ஜி மடிக்கத்தான் வெச்சுக்கினு கீறாங்க" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

எங்கள் பிரச்சினை இதுதான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் கடலோரச் சாலையை இரு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்குவார்கள். ஆம்புலன்ஸ் அலறினாலும் ஒரு வண்டி அசையாது. எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்திக்கு, அந்த வரிசையில் சிக்கிய ஆம்புலன்ஸிலேயே பிரசவமானது. குழந்தை பிழைத்தது கடவுள் புண்ணியம். ஆம்புலன்ஸுக்கு ஓரமாக ஒரு பாதை விடுங்கள் என்று கேட்டோம். அதற்கெல்லாம் சாலையில் இடமில்லை என்றே பதில் வந்தது.

கடைசியில் ஸ்டெல்லா ஓர் அதிகாரியை நச்சரித்து, நேரில் பார்க்கச் சம்மதிக்க வைத்தார். ராயபுரத்திலிருந்து மூவரும் அதிகாரியின் ஜீப்பில் கிளம்பினோம். காசிமேடுகூடத் தாண்டவில்லை, டிரெய்லர் வரிசையில் சிக்கி ஜீப் நின்றுவிட்டது. எர்ணாவூரில் பந்தல் போட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். மதியம் தலைமை அலுவலகத்தில் கூட்டம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. அந்த இன்னொரு நாள் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஸ்டெல்லா இறங்கிப்போய் யாருக்கோ போன் செய்தார். சற்று நேரத்தில் ராயபுரத்தில் அவர் போய்வந்த பழைய சர்ச்சின் அமரர் ஊர்தி எங்கள் பின்னால் வந்து நின்றது. பிணத்தை மறித்தவன் தொழில் விளங்காது என்பது அந்தச் சாலையின் நம்பிக்கை; எந்த மாநிலத்து டிரைவரானாலும் அதற்கு மட்டும் பயப்படுவார். ஊர்தி ஓட்டுபவருக்கோ வேறு பயம். உயிரோடு இருப்பவர்களை ஏற்றினால் வண்டிக்கு ஆகாது என்று முனகினார். ஸ்டெல்லா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். அதிகாரியும் நானும் பின்னால், பெட்டி வைக்கும் காலி மேடைக்கு இரு புறமும் உட்கார்ந்தோம். விஷயம் தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அதிகாரி என்னிடம் கவலைப்பட்டார்.

ஊர்தியைக் கண்டதும் டிரைவர்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். தூங்கியவர்களைத் தட்டி எழுப்பினார்கள். டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக உறுமி, ஓரத்தை ஒட்டி ஒதுங்கின. இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட பாதை எங்களுக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. அதிகாரி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எர்ணாவூர்ப் பந்தலில் ஒரே களேபரம். ஸ்டெல்லாவுக்காக அமரர் ஊர்தி போகிறது என்று காசிமேட்டிலிருந்து யாரோ போன் போட, அவரே போய்விட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மாரடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவில் அவர் கதவைத் திறந்து இறங்கினார். எதிர்வீட்டுப் பெண்மணி அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முதுகில் நாலு வைத்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினார்.

"செத்தவனுக்கு வழி வுட எடம் கீது. உசுரோட கீறவனுக்கு இல்லியா சார்?"

அதிகாரி பந்தலில் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. பிரசவமான பெண்ணின் வீடு எது என்று கேட்டு நடந்தார். அதற்குப் பிறகும் நாய் படாத பாடு பட்டோம். ஆனால் பாதை வந்தது.

ஸ்டெல்லாவை ஏற்றிய ஆம்புலன்ஸும் எங்கும் நிற்காமல் அந்தப் பாதையில்தான் போனது. அவரைக் காப்பாற்ற அது போதவில்லை. மகளுடன் கடைசியாக நாலு வார்த்தை பேச அவகாசம் கொடுத்தது. அதை நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுவாரமே ஒரு கூட்டம். அந்தப் பாதையையும் டிரெய்லர்களுக்கே விட்டுவிடலாம், சாலையில் இடம் போதவில்லை என்றார் புதிதாக வந்திருக்கும் அதிகாரி. என் பையில் மனு தயாராக இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. இடமில்லை என்பவரை நாற்காலியிலிருந்து எழுப்பிச் சாலைக்குக் கூட்டிப்போகும் துணிச்சல்தான் ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

"வாங்க சார், போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றேன். அவர் எழுந்தார்.