வெள்ளிக்கிழமை மட்டும் காணாமல் போன மெயில்கள்

2003-ல் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். மொத்த ஆபீசுக்கும் அந்த வேலைக்கு நான் ஒருத்திதான்.

ஏற்றுமதிப் பிரிவில் புதுப்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. வெளிநாட்டு ஆர்டர் மெயில்களுக்குப் பதில் போடுவது அவர் பொறுப்பு. ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து மேனேஜருக்குக் கோபமாக போன் வந்தது. அவசரமாக அனுப்பிய மூன்று மெயில்களுக்குப் பதிலே இல்லையாம். வரவே இல்லை என்றார் பாய். மேனேஜர் நம்பாமல் மெமோ கொடுத்துவிட்டார். பாய்க்கு வேலை போய்விடும் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது.

என்ன ஆனது என்று பார்க்கச் சொல்லி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்த மூன்றும் வெவ்வேறு வாரங்களில் அனுப்பியவை. ஆனால் மூன்றுமே வெள்ளிக்கிழமை மதியம். மெயிலுக்குக் கிழமை தெரியுமா என்ன? அதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

பாய் கேன்டீனுக்குப் போன நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து, அழித்த மெயில்களைத் துழாவினேன். அவரைக் கேட்கவில்லை. அவரே அழித்திருப்பாரோ என்று எனக்கும் சந்தேகம்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மெயில் பாய்க்கு அனுப்பி, நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டரைக்கு அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டரை வரை அனுப்பியது எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு அனுப்பியதில் ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா மேடம்? நான் இல்லாத நேரம் பாத்து யாரோ வாரிகினு போறாங்க" என்றார் பாய்.

மெயில் வசதி கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டேன். எங்கள் ஆபீசிலிருந்தே வேறொரு கம்ப்யூட்டர் அவற்றை எடுத்திருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் மிச்சமிருந்தது குடோனில் இருந்த பழைய கம்ப்யூட்டர்.

அங்கே சரக்கு இருப்பு எடுக்கும் பெண் சொன்னாள்: "யக்கா, இத்த வெள்ளிக்கெழம மத்தியானம் மட்டுந்தான் போடுவேன். லோடு ஆளுங்க சாப்பிடப் போய்ட்டா சரக்கை எண்ண வசதியா கீது."

திரையின் மூலையில் சின்னதாக ஒரு கடித உறை தெரிந்தது. அதைக் கிளிக் செய்து திறந்தேன். என்னுடைய சோதனை மெயில்கள், சிங்கப்பூர் மெயில்கள் மூன்று, எல்லாம் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதம் முன்பு பாயின் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனபோது, அவர் வேலை நிற்கக் கூடாதே என்று உபரியாக இருந்த ஒன்றில் அவருடைய மெயிலைப் போட்டுக் கொடுத்தது நான். பிறகு அதை எடுக்க மறந்துபோனதும் நான். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் குடோனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஏற்பாட்டில், மெயிலை ஒரு கம்ப்யூட்டர் எடுத்துவிட்டால் இன்னொன்றுக்கு அது கிடைக்காது. பாய் அணைத்துவிட்டுப் போகும் நேரமும் குடோன் கம்ப்யூட்டர் ஓடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஏதோ மெஷின் கோளாறு என்று சொல்லி முடித்துவிடலாமா? மேனேஜர் அறைக் கதவு வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது. உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேனேஜர் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பாயிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

நான் பாயிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் துழாவியதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மறந்தது போவட்டும் மேடம். ஆனா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே தொறந்து காட்டியிருப்பேனே."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

இன்றைக்கும் ஆபீசில் ஏதாவது காணவில்லை என்றால், அதில் கடைசியாகக் கை வைத்தது நானா என்று முதலில் யோசிக்கிறேன். இன்னொருவர் மேஜையைப் பார்க்க வேண்டியிருந்தால், அவர் வரும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்கிறேன்.