காதைப் பொத்திய குருவி

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், சிவகாசியை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பகுதிநேர ஓவிய டீச்சர். ஓவிய வகுப்பு என்றாலே எங்கள் தலைமையாசிரியருக்கு வேப்பங்காய். சுற்றுச்சூழல் ஓவியக் கண்காட்சி வைக்கச் சொல்லி உத்தரவு வந்து, பார்வையிட மதுரையிலிருந்து அதிகாரியும் வருகிறார் என்றதும் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், அவரு மெச்சுனா ஒங்க வகுப்பு இருக்கும். மூஞ்சியச் சுளிச்சா அடுத்த வாரமே அந்த நேரத்துல கணக்குதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கையில் ஒரு தாள்கூட இல்லையே! எங்கள் ஊரில் படம் வரையத் தாளை விலைக்கு வாங்கினால் சிரிப்பார்கள். மை பிசகிய தாள்களை அச்சகங்களில் கட்டுக் கட்டாகக் கழித்துப் போடுவார்கள். ஒரு பக்கம் பட்டாசு லேபிள், மறுபக்கம் வெள்ளை. பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு எல்லாம் அதுதான். நானும் ஒரு கட்டைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பிள்ளைகள் பின்னிவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி, இரண்டு இறக்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் குருவியை வரைந்தாள். குருவிக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“தெரியல டீச்சர். பொத்துன எடத்துல இருக்கும்ல?”

பசையை மிச்சம்பிடிக்கச் சொன்னார் தலைமையாசிரியர். அதனால் மேல் ஓரத்தில் மட்டும் தடவிச் சுவரில் ஒட்டினோம். அதிகாரி வந்தார், சுவரோரம் நின்றார், வியர்த்தார். தலைமையாசிரியர் ஓடிப்போய், இரவல் வாங்கி வைத்திருந்த பெரிய ஃபேனை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். அத்தனை படமும் சடசடவென்று மேலே தூக்கிக்கொண்டது. ‘காற்றைக் காப்போம்’ இருந்த இடத்தில் சங்குசக்கரம். குருவி இருந்த இடத்தில் அணுகுண்டு வெடி; கீழே கொட்டை எழுத்தில் ‘சத்தத்துக்கு கியாரண்டி’.

அட கடவுளே, தொலைந்தேன்!

“என்னங்க இது? பட்டாசு விளம்பரமா?” என்று அதிகாரி கத்தினார்.

தலைமையாசிரியர் கூசாமல் என்னைக் கைகாட்டினார். எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்கிற நான், தூக்கிக்கொண்ட படங்களைக் கையால் அமுக்க ஓடினேன். குருவி வரைந்த பிள்ளைதான் முன்னால் போய்த் தன் தாளைக் காட்டினாள்.

“ஐயா, இது எங்கம்மா கம்பெனில பெட்டியில ஒட்டுற லேபிளு. அந்தப் பக்கந்தான் நான் வரைஞ்சது. கம்பெனில சாம்பிளு வெடிச்சுப் பாக்கையில அம்மா இப்பிடித்தான் காதப் பொத்தும்.”

அதிகாரி ஃபேனை நிறுத்தச் சொன்னார். குருவி மெல்ல இறங்கி வந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

“சார், ஓவிய வகுப்ப மட்டும் நிறுத்திராதீங்க,” என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ரெண்டு பக்கமும் தெரியணும்னு நாந்தான் டீச்சர்ட்டச் சொன்னேங்க,” என்றார் தலைமையாசிரியர். அந்த மனிதரை என்ன செய்வது?

ஜீப்பில் ஏறப் போன அதிகாரி திரும்பி வந்து, என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “இங்க பட்டாசு எங்க சல்லிசா கிடைக்கும்? வீட்ல பிள்ளைங்க கேட்டாங்க.”

வெளியூர்க்காரர் யார் வந்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார்கள். நான் ஏதாவது சொல்லித் தொலைப்பதற்குள் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டாள்.

“சத்தம் போடுறது வேணுமாய்யா, வெளிச்சம் மட்டும் வர்றது வேணுமா?”

அவர் வகுப்புச் சுவரை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

“வெளிச்சம் போதும்மா.”