அந்தியேட்டிக்குப் பிறகும் இருந்த திறப்பு

என் மகனும் அவனுடைய சிநேகிதனும் சேர்ந்து கொம்பனி தொடங்கினது உடுப்பிட்டியில், எங்கள் வீட்டு முன்னறையில். இரண்டு பிளாஸ்டிக் மேசை, இரண்டு கொம்பியூட்டர். வெளிநாட்டுக்காரருக்குக் கொம்பியூட்டர் வேலை செய்து கொடுக்கிறோம் என்றார்கள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை விளங்கப்படுத்துவது அவர்களுக்குக் கஷ்டம், கேட்பது எனக்கு வெட்கம். தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

உள்வேலை முழுக்க என் மகன். வெளியாரோடு கதைப்பது சிநேகிதன். நல்ல வாய்க்காரன். இங்கிலீசில் அவர் கதைப்பதும் சிரிப்பதும் குசினி வரைக்கும் கேட்கும். கரண்ட் நின்றால் மகன் பதறுவான்.

"இப்ப அவங்களுக்கு என்ன சொல்லப் போறாய்?"

"எங்கடை ஊரிலை இண்டைக்குத் திருவிழா எண்டு சொல்லுவன்."

"போன கிழமையும் திருவிழா எண்டனியடா."

"நாங்கள் பக்தியான ஆக்கள் எண்டு நினைக்கட்டும்."

நாலைந்து வருடத்தில் யாழ்ப்பாண ரவுணில் கந்தோருக்கென்று மாடிக் கட்டடம் எடுத்தார்கள். அறுபது பிள்ளைகளுக்கு வேலை. சிநேகிதன்தான் எல்லாருக்கும் மேலே. பிரதம நிறைவேற்று அதிகாரி என்று கதவில் போட்டிருக்கிறதாம். அந்தச் சொல்லை நான் இன்னும் ஒரு மூச்சில் சொல்லி முடித்ததில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்தால், முந்தி "வாடா" என்ற எனக்கு "வாங்கோ தம்பி" என்றுதான் வரும்.

"என்னம்மா, என்னைப் பிறத்தி ஆளாக்கிப் போட்டியள்" என்று அவர் சிரிப்பார்.

மகனுக்கு வேலை கூடிக்கொண்டே போனது. பகலில் ஒரு வார்த்தை கதைக்கமாட்டான். ஒருநாள் கோபித்தேன். மறுநாளிலிருந்து பன்னிரண்டரைக்கு என் போனில் செய்தி வரத் தொடங்கியது. "அம்மா, சாப்பிட்டாச்சோ?" ஒவ்வொரு எழுத்தாய்க் குத்தி, ஓம் ராசா என்று அனுப்புவேன். ஒரு லீவு நாள் அவன் எனக்கு முன்னால் இருந்து சோறு பிசைந்துகொண்டிருக்கிறான், இரண்டு கையும் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதே செய்தி வருகிறது. அவனைப் பார்த்தேன்.

"பிடிபட்டுப் போனன்" என்றான். கந்தோர்க் கொம்பியூட்டரில் அந்தச் செய்தியைத் தன் பெயரில் எழுதி வைத்திருக்கிறானாம். அது தன்பாட்டில் அனுப்புமாம்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் மிசினுக்கோ பதில் சொன்னனான்?"

"பதிலை வாசிக்கிறது நான்தானே."

மாரி மழைக்குள் அவனுக்கு நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஐந்து நாளையும் எழுத என்னால் ஏலாது.

செத்தவீட்டன்று, பெட்டி நடுவீட்டில் இருக்கும்போதே, இடுப்பில் செருகியிருந்த போன் ஒருதரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. சுவரில் மணிக்கூடு பன்னிரண்டரை. நான் திடீரென்று குழறினது ஏன் என்று பக்கத்தில் இருந்த சனத்துக்குத் தெரியாது.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, சிநேகிதன் வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அம்மா, கந்தோரிலை ஒவ்வொருத்தருக்கும் கொம்பியூட்டருக்குள்ளை போக, வீட்டுப் பூட்டுக்கு இருக்கிற மாதிரி ஒரு திறப்பு இருக்கு. வேலையை விட்டு நிக்கிறவையின்ரை திறப்பை அண்டைக்கே எடுத்துப் போடவேணும். இவன்ரையை எடுத்தால்..." என் இடுப்பில் இருந்த போனைப் பார்த்தார். "உங்களுக்கு வாற செய்தியும் நிண்டிடும்."

எங்கள் பக்கத்தில் செத்தவரின் சாமானை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் கலைப்பதில்லை. அவன்ரை சேட்டு அப்போதும் கொழுவின இடத்திலேயே தொங்கினது.

"முப்பத்தொண்டு கழியட்டும் தம்பி. பிறகு நான் சொல்லுறன்."

"ஓம் அம்மா. நீங்கள் சொல்லுங்கோ."

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய்க் கடமை முடித்து வந்தோம். சேட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். பந்தியில் அவருக்கு நான்தான் பாயசம் விட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திறப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கினது. நான் குசினிக்குள் போய், கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். வெளியில் வரும்போது அவர் போய்விட்டார். மறுநாளும் செய்தி வந்தது.

ஒரு வருடம் முடிய வந்த ஆட்டைத் திவசத்துக்கும் அவர் வந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டார், நான் வாய் திறந்தால் நினைவு வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பன்னிரண்டரைக்கு முன்னம் எப்படியும் நாலு பிடி சோற்றை விழுங்கிவிடுவேன். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று எழுதப் பயம். உயிரோடிருக்கிற பிள்ளைக்குத் தாய் எத்தனை பொய்யும் சொல்லலாம். இவனுக்குச் சொல்ல முடியவில்லை. பதிலை இப்போது யார் வாசிக்கிறது என்று மனம் கேட்கத் தொடங்கினால், எழும்பி முற்றம் கூட்டப் போய்விடுவேன்.

இந்த வருடம் ஒரு பின்னேரம், கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று ஸ்கூட்டியில் வந்தது. யார் யாரிடம் திறப்பு இருக்கிறதென்று பார்க்கிறது அதன்ரை வேலையாம்.

"நான் வந்ததை அவரிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ அம்மா" என்றுதான் தொடங்கினது. "வெளிநாட்டு ஆஸ்பத்திரியளின்ரை நோயாளர் விபரமெல்லாம் எங்கடை கையிலை. அவையின்ரை ஆக்கள் சோதிச்சுப் பாத்து, செத்த ஒருத்தரின்ரை திறப்பு நாள்தோறும் வேலை செய்யுது எண்டு கண்டுபிடிச்சிட்டினம். ஆரோ களவாய் உள்ளுக்குப் போய் வருகினம் எண்டு நினைச்சவை. நாளைக்கு நாலு மணிக்கு அவையோடையும் கொம்பனிக்குக் காசு போட்ட கொழும்பு ஆக்களோடையும் கூட்டம். இவரை விலத்தப் போகினமோ தெரியேல்லை."

"அவர் ஏன் பிள்ளை அதை எடுக்காமல் விட்டவர்?"

"நான் மூண்டு தரம் கேட்டனான். 'அம்மா இன்னும் சொல்லேல்லை' எண்டு மட்டும்தான் சொன்னவர். இப்பவும் அதிலை கை வைக்கேல்லை."

அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவும் மறந்துபோனேன்.

அடுத்தநாள் காலமை பஸ் ஏறினேன். மகன் இருக்கும்போது எத்தனை தரம் கூப்பிட்டும் அந்தக் கட்டடத்துக்கு நான் போகவில்லை. வாசலில் இருந்த பிள்ளை, "ஆரைப் பாக்கவேணும்?" என்று கேட்டது. அந்த நீளச் சொல் வாயில் வரவில்லை. "பெரியவரை" என்றேன். எந்தப் பெரியவர் என்று அது யோசிக்கிறதுக்குள்ளே அவர் கண்ணாடிக்குள்ளால் கண்டு, செருப்பும் இல்லாமல் ஓடி வந்தார்.

அறைக்குள் போய் இருந்ததும் சொன்னேன். "தம்பி, அதை எடுத்துவிடுங்கோ. அண்டைக்கே நான் சொல்லியிருக்கவேணும்."

அவர் தண்ணிப் போத்தலைத் திறந்து எனக்கு நீட்டினார்.

"கூட்டத்திலை கேட்டால் என்னைச் சொல்லுங்கோ. தாய் மறிச்சவ எண்டு சொல்லுங்கோ."

"உங்களைச் சொல்லி என்ரை கதிரையைக் காப்பாத்தவோ? என்ரை கவனக்குறைவு எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"உங்கடை கதிரை மட்டுமோ அது? அவனும் கண் முழிச்சுச் செய்த கதிரை. அதை விழுத்திறதுக்கு அவன்ரை பேர் வேண்டாம்."

அவர் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "அம்மா, ஒரு வேலை செய்யலாம். அந்தச் செய்தியை என்ரை பேருக்கு மாத்திவிடுறன். இப்ப வாற மாதிரியே அதே நேரத்துக்கு வரும்" என்றார்.

ஓம் என்று சொல்லத்தான் வாய் போனது. அதை மறைக்க முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

"வேண்டாம். கேக்கிறதெண்டால் நீங்களே கேளுங்கோ. மிசின் இவ்வளவு நாளும் கேட்டது காணும்."

கந்தோர் ஆட்களின் பெயர் எல்லாம் கீழே கீழே வரிசையாய் நிற்கிற ஒரு பக்கத்தைக் கொம்பியூட்டரில் திறந்தார். இங்கிலீசில்தான். ஆனாலும் மகனின் பெயர் எழுத்து எனக்குத் தெரியும், அவன்ரை புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். நிச்சயமோ என்று அது ஒரு கேள்வி கேட்கிறதாம். அவருடைய விரல் நின்றுவிட்டது. "எந்த இடம் தம்பி?" என்று கேட்டு, அவர் காட்டின இடத்தில் நான் அமத்தினேன். அவன் பெயர் போனது. இடைவெளி நிற்கும் என்று நினைத்தேன். ஒரு கணமும் நிற்கவில்லை. கீழே இருந்த பெயர் ஏறி வந்து அவன் இடத்தில் நின்றது.

நாலு மணிக்குக் கூட்டம். கண்ணாடிக்கு வெளியில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். உள்ளே அவர் திரையைப் பார்த்துக் கதைத்தார். பழைய பகிடிக் குரல் இல்லை. நடுவில் மகனின் பெயர் கேட்டது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டது. அந்தக் கதையில் எனக்கு விளங்கின ஒரே சொல் அதுதான்.

அவர் வெளியில் வந்தபோது சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"விலத்தேல்லை அம்மா. ஆறு மாசத்துக்குக் கொழும்பிலையிருந்து ஒருத்தர் வந்து என்னைப் பாத்துக்கொண்டிருப்பாராம். இருக்கட்டும்."

"நல்லது தம்பி" என்றேன். கண் அவரில் நிற்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலே ஏறி வந்த அந்தப் பெயர் இவர்களில் எந்தப் பிள்ளையினுடையது என்று கதிரை கதிரையாகத் தேடிக்கொண்டு நின்றேன்.