சாப்பிட்ட பிறகு சொல்லவேண்டிய செய்தி

மாரிசாமி தாராபுரத்தை விட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டது 1991ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை. மனமில்லாமல் அல்ல. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த காலத்தில் வேலை நிலையாக இல்லை. டெக்சாஸில் ரவுண்ட் ராக்குக்குக் குடிபெயர்ந்து வேலை நிலைத்தபோது கிரீன் கார்டு விண்ணப்பம் குறுக்கே வந்து நின்றது. வெளியே போனால் திரும்பி நுழைவதில் சிக்கல் வரலாம் என்றார் வக்கீல். அந்தச் சொல்லை மீறும் துணிவு மாரிசாமிக்கு இல்லை. தகப்பனார் முன்பே காலமாகியிருந்தார். தாயார் பவளம் தாராபுரத்து வீட்டில் தனியே இருந்தார். ஒரே மகனை மறுபடி ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாளுக்கு வேறு வேண்டுதல் இருந்ததாகத் தெரியவில்லை.

1997 பங்குனியில் கார்டு கைக்கு வந்தது. ஆனியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பச்சைக் குழந்தையோடு மனைவி வான்மதி பயணம் செய்ய முடியாததால், ஜூலையில் தாம் மட்டும் போய்வருவதென்று மாரிசாமி முடிவு செய்தார்.

அதே குடியிருப்பில் வசித்த மகாதேவனும் சுந்தர்சிங்கும் அதே மாதத்தில்தான் ஊருக்குப் போவதாக இருந்தார்கள். ஒசாகா வழியாகச் சென்றால், அதே கட்டணத்தில் நான்கு நாள் ஜப்பானில் தங்கிப் போகலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தவர் மகாதேவன். சென்னைக்காரர். நீண்ட வார இறுதி வந்தால் ஹூஸ்டன் கோயிலுக்குக் காரைத் திருப்பிவிடுகிறவர். கோயில் என்றிருந்தால் போதும், எந்த ஊர்ச் சாமி என்று கேட்கமாட்டார். கியோட்டோவில் தெருவுக்கு ஒரு கோயில் என்றும், ஜூலை நடுவில் ஊரே திரளும் தேர்த்திருவிழா என்றும் சொல்லிச் சொல்லி மற்ற இருவரையும் கரைத்தார். சுந்தர்சிங் நாகர்கோவில்காரர், ஞாயிறு தவறாமல் ஆஸ்டினில் ஆராதனைக்குப் போகிறவர். உங்கள் சாமிகளைக் கும்பிடமாட்டேன், வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்ற நிபந்தனையோடு அவரும் இசைந்தார்.

தயங்கியவர் மாரிசாமி ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் தாயாரிடமே கேட்டார்.

"ஆறு வருசம் பொறுத்தவளுக்கு நாலு நாளா பெருசு? நா எங்கியும் ஓடிப் போயிரமாட்டேன். பாத்துட்டு வா சாமி."

ஜூலை பதினான்காம் தேதி மூவரும் கியோட்டோ வந்து சேர்ந்தார்கள். பாய் விரித்த அறைகள் கொண்ட சிறு விடுதி. பதினாறாம் தேதி காலை மாரிசாமி கீழ்த்தளத்துப் பொதுக் குளியலறைக்குப் போயிருந்தபோது, ரவுண்ட் ராக்கிலிருந்து வான்மதியின் அழைப்பு வந்தது. எடுத்தவர் சுந்தர்சிங்.

பவளத்தம்மாளுக்கு நெஞ்சுவலி, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு இருக்கிறது, பேசுகிறார், மகனைக் கேட்கிறார். மகன் உடனே வருவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவையும் அழாமல் சொல்லி முடித்த வான்மதி, கடைசியில் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"அண்ணா, அவரு வெறும் வயித்துல இருப்பாரு. சாப்பிட வச்சிட்டுச் சொல்லுங்க."

தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். துக்கம் கேட்டவன் மறுபடி எப்போது சோற்றில் கை வைப்பான் என்பது தெரியாதல்லவா? மகாதேவன் உடனே விமான அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பிற்பகலில் சிங்கப்பூர் விமானம் ஒன்றிருந்தது. மூவருக்கும் இடமும் இருந்தது. காலை உணவு முடிந்ததும் சொல்வது, அப்படியே ரயிலேறி ஒசாகா போய்விடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

மாரிசாமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சோறும் கஞ்சிபோன்ற ஒரு சாறும் வந்தன. மகாதேவன் ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு புட்டி மாவடு கொண்டுவந்திருந்தார். இரண்டு நாளாக அதைப் புதையல்போல் காத்து, ஆளுக்கு ஒன்று என்று எண்ணிப் போட்டு, இன்னொன்று கேட்ட மாரிசாமியை 'உங்க ஊர்ல ஊறுகாயே சோறா?' என்று இடித்துக் காட்டியவர் அவர். அன்று கேட்காமலே புட்டியை மாரிசாமியின் கிண்ணத்தில் கவிழ்த்தார். யாருக்கும் பரிமாறி அறியாத சுந்தர்சிங் எழுந்து வந்து சோறு வைத்தார். இருவருமே அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாரிசாமிக்குக் கை நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ரவுண்ட் ராக்கில் கோபாலசாமி என்ற நண்பரின் தந்தை இறந்த செய்தி முதலில் வந்தது இவரிடம்தான். கோபாலசாமியை வீட்டுக்கு அழைத்து, ஊட்டாத குறையாக இட்லி தின்னவைத்து, கை கழுவி வந்தபின் தோளைத் தொட்டுச் சொன்னவரும் இவர்தான். இந்தக் கவனிப்பு எதற்கு முன்னால் வருவது என்பது இவருக்குத் தெரியும். வீட்டில் குழந்தைக்கு ஏதாவது என்றால் வான்மதி இவரிடமே பேசியிருப்பார். ஆக, அம்மா போய்விட்டாள்.

பேசுகிற அம்மாள், கேட்கிற அம்மாள், கோயம்புத்தூரில் கட்டிலில் காத்திருந்தார். மகன் கியோட்டோவில் அவரை மனத்துக்குள் பறிகொடுத்துவிட்டார்.

கேட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். ஆனால் கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சொன்ன கணத்திலிருந்து அது உண்மையாகிவிடும். போய்ச் சேர்ந்தாலும் பார்க்கப்போவது உயிரில்லாத முகத்தைத்தானே, அதற்கு இன்றென்ன, நாளையென்ன என்று ஒரு மனம் சொல்லிற்று. இன்னும் கொஞ்ச நேரம் தாயுள்ளவனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றது இன்னொரு மனம். மாரிசாமி இன்னொரு கிண்ணம் சோறு கேட்டு வாங்கி உண்டார். உண்டு முடிந்து சுந்தர்சிங் தொண்டையைச் செருமியபோது, "கிளம்பலாம், மலைக்கோயில்ல கூட்டம் வந்துரும்" என்று எழுந்துவிட்டார்.

கியோமிசு கோயிலுக்கு ஏறும் கல்பாதையின் இருபுறமும் கடைகள். மாரிசாமி முன்னே முன்னே நடந்தார். சுந்தர்சிங் எட்டிப் பிடித்து, "மாரி, ஒரு விஷயம்" என்று தொடங்கும்போதெல்லாம் அவர் கண்ணில் ஏதாவது ஒரு விசிறியோ பீங்கானோ பட்டது. வாசலில் காவல் நிற்பதாகச் சொன்ன சுந்தர்சிங் அன்று உள்ளேயும் கூடவே வந்தார். அதுவும் மாரிசாமியின் கணக்கை உறுதிசெய்தது. மலைச்சரிவில் தூண்கள்மேல் தொங்குவதுபோல் நின்ற மரமேடையில் நின்று மூவரும் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். சந்நிதியில் மாரிசாமி கைகூப்பினார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. போனவளுக்காக எதைக் கேட்பது? கூப்பிய கையோடு வெகுநேரம் நின்றார். சற்றுத் தள்ளி நண்பர்கள் இருவரும் தணிந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சாமி முன்னால் நிற்பவனிடம் எப்படிச் சொல்வது, இறங்கியதும் சொல்வோம் என்றார் மகாதேவன்.

இறங்கியதும் மாரிசாமி இன்னொரு கோயிலைக் கேட்டார். அங்கிருந்து இன்னொன்றை. மூன்றாண்டு நட்பில் அவ்வளவு பேச்சும் சிரிப்பும் அவரிடம் இருந்ததில்லை. அந்தச் சிரிப்பை அணைக்கும் தைரியம் மற்ற இருவருக்கும் வரவில்லை. மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது ஒசாகா ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. எழுந்தபோது இல்லை. இனி மறுநாள் காலை விமானம்தான் என்றானபின், இரவுக்குள் சொன்னால் போதும் என்று அவர்களும் தளர்ந்துவிட்டார்கள்.

மாலையில் திருவிழாத் தெருக்களில் விளக்கேற்றினார்கள். வீதிக்கு வீதி நிறுத்தியிருந்த உயரமான தேர்களில், நெற்போர்போல் அடுக்கிக் கட்டிய காகித விளக்குகள். மேல்தட்டில் உட்கார்ந்து சிலர் குழல் ஊதினார்கள், சேகண்டி ஒலித்தது. பருத்தி அங்கி உடுத்த பெண்களும் பிள்ளைகளும் விசிறிகளோடு நெரிசலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மகாதேவன், நம் ஊர்த் தேர் மாதிரியே இருக்கிறது என்று சொல்லவந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். சுந்தர்சிங் மாரிசாமியின் கையைப் பிடித்து ஒரு கடையோரம் இழுத்து நிறுத்தினார். இம்முறை மாரிசாமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லடே. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில சேத்திருக்காவ."

"தெரியும். எப்ப எடுக்கறாங்க?"

"என்ன எடுக்கறாங்க? அம்மா இருக்காவடே."

"சுந்தர், சுத்தி வளைக்காதே. காலையில சோறு போட்டப்பவே எனக்குத் தெரியும்."

"கர்த்தர் சத்தியமா இருக்காவ. உன்னைக் கேட்டுட்டே இருக்காவன்னுதான் வான்மதி சொல்லிச்சு."

சுந்தர்சிங் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்கிறவர் அல்லர். மாரிசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடினார். கோயம்புத்தூரில் பெரியப்பா மகன் நஞ்சுண்டன் வீடு. எடுத்தவர் அண்ணி ராமாத்தாள்.

"ஏனுங் தம்பி, இன்னும் ஏரோப்ளேன் ஏறலீங்களா? மத்தியானம் கஞ்சி குடிக்கறப்பக்கூட, மாரி எங்க வந்துட்டிருக்கான்னு கேட்டாங்களே. வந்துட்டிருக்கான் அத்தேன்னு சொல்லிட்டு இப்பத்தான் வந்தேன்."

மாரிசாமி, இதோ வந்துவிடுகிறேன் என்றார். ரிசீவரை வைத்தபின்னும் அதைப் பிடித்த கை இறங்கவில்லை. மகாதேவன் அழுதுகொண்டிருந்தார். யாரையும் மாரிசாமி ஒரு சொல் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கவேண்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

மறுநாள் காலை விமானம் கிடைத்தது. சிங்கப்பூரில் சென்னை விமானத்துக்காக அவர் உட்கார்ந்திருந்தபோது, கோயம்புத்தூரில் பவளத்தம்மாளின் உயிர் பிரிந்தது. 1997 ஜூலை 17, வியாழக்கிழமை, மாலை. கோவை விமான நிலையத்தில் நஞ்சுண்டன் எதிரே வந்தார். அம்மா இருக்கிறார்களா என்று மாரிசாமி நேராகவே கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றார் அண்ணன். மகனுக்காக வைத்திருந்தார்கள். அன்றே தாராபுரத்தில் கொள்ளி வைத்தார்.

காரியங்கள் முடிந்து ஆகஸ்டில் ரவுண்ட் ராக் திரும்பினார். கதவைத் திறந்த வான்மதி, குழந்தையைக் கையில் கொடுக்கும் முன்பே கேட்டார்.

"சுந்தரண்ணா எப்பங்க சொன்னாரு?"

அந்தக் கேள்வியோடு அவர் ஒரு மாதம் இருந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சாப்பிட்ட உடனே சொல்லிட்டான். பிளேன்லதான் எடம் கிடைக்கல."

"நான் அப்படிச் சொன்னதாலதான் லேட்டாயிருச்சோன்னு..." என்றவர் முடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதபின் உள்ளே போய்ச் சாதம் வடித்தார்.

அன்றே மாரிசாமி வண்டிகள் நிற்கும் இடத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போனார். மகாதேவனிடம் முன்பே பேசிவிட்டிருந்தார், அவர் தலையசைத்துவிட்டார். சுந்தர்சிங் கதவைத் திறந்ததும் கட்டிப்பிடிக்க வந்தார்.

"வான்மதி கேட்டா, காலையிலயே சொன்னேன்னு சொல்லிரு."

சுந்தர்சிங்கின் கைகள் இறங்கின. "என்னை என்ன வேணா திட்டு. பொய் சொல்ல என்னால முடியாது மாரி. அவகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும்னுதான் இருந்தேன்."

"நீ மன்னிப்புக் கேட்டா அவ தன்னையே மன்னிக்கமாட்டா."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எங்க வீட்டுக்கு வராதே சுந்தர்" என்றார் மாரிசாமி. அதில் கோபம் இல்லை. கேட்டுக்கொள்கிற குரலில்தான் சொன்னார். சுந்தர்சிங் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் அவர் வரவில்லை. 1999இல் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனபோதும் சொல்லிக்கொள்ள வரவில்லை. வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி புறப்படுவதை வான்மதி சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாள் நம்ம வீட்டுல சாப்பிட்ட மனுசன். அத்தை செத்ததுக்கு ஒரு வார்த்தை வந்து கேக்கலையே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும்வரை மாரிசாமியும் அங்கேயே நின்றார்.