சகலையின் பம்பர மிஷின்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனி இல்லாமல் இருக்கின்றன. யாராவது கேட்டால் மிஷினில் போனது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது போனது பொறாமையில்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கொடுத்து இரண்டு வருஷம் இருக்கும். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் மரப்பட்டறைச் சாமான்களை விற்றார். வில்லியனூரில் எங்கள் முதலாளி அதில் ஒரு மிஷினை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்பு மேஜை, அதன் நடுவில் ஓட்டை, ஓட்டையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, தண்டின் தலையில் கத்தி. மோட்டாரைப் போட்டால் கத்தி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். மேஜைக்கு அடியில் ஒரு கைச்சக்கரம். அதைத் திருப்பினால் தண்டு மயிரிழை மயிரிழையாக ஏறும், இறங்கும். மரத்தை அதில் காட்டினால், நான் இழைப்புளியால் அரைநாள் மல்லுக்கட்டி எடுக்கும் வளைவு ஓரம் வெற்றிலை போடும் நேரத்தில் வந்துவிடும். நாங்கள் அதைப் பம்பர மிஷின் என்றோம்.

அந்த மிஷினை முதலாளி என் சகலையிடம் கொடுத்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், பட்டறைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முன்பு டவுனில் வெள்ளைக்காரர் பட்டறையில் அதே மாதிரி மிஷினில் வேலை செய்தவன் என்பதுதான் காரணம். நியாயமான காரணம்தான். எனக்கு வயிறு எரிந்தது.

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த வயிறு அது. கரிக்கலாம்பாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போனால் மீன் தலை அவன் இலைக்குத்தான் போகும். நான் மூத்த மாப்பிள்ளை, எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டில்தான் சதை அதிகம் என்று என் மனைவி சொல்லுவாள். எனக்குச் சதை வேண்டியிருக்கவில்லை.

மிஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குவதற்கு முன்னால் அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, எந்தப் பக்கம் பாத்து நிக்கற மாதிரி வெக்கலாம்?"

"ஒன் மிஷினு, ஒன் இஷ்டம்பா. என்ன எதுக்குக் கேக்கற?"

ஜன்னல் வெளிச்சத்துக்காக, ஆள் மேற்கு பார்த்து நிற்கும்படி வைத்தான். எங்கள் பக்கத்தில் தலைவாசல் நிலைக்கு முதல் இழைப்பைக் கிழக்கு பார்த்து நின்றுதான் போட வேண்டும். அதைச் செய்யாத தச்சனை வீட்டுக்காரர்கள் வாசலில் சேர்க்க மாட்டார்கள். டவுனில் நாற்காலியும் அலமாரியும் செய்து பழகிய அவனுக்கு அந்த நேரத்தில் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன். என்றைக்காவது ஒரு வீட்டுக்காரர் வந்து அவன் மூக்கை உடைப்பார், அதை நான் பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

அவன் சுவரில் சாக்கட்டியால் சட்டம் எழுதி வைத்தான். தோளில் துண்டு ஆகாது. கத்தி மாற்றும்போது ஃபியூசைப் பிடுங்கிவிட வேண்டும். கத்தியை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. நூல் அளவு ஏற்றி ஒரு தரம் ஓட்டி, மறுபடி நூல் அளவு. சக்கரத்தைத் திருப்பியதும் பூட்டுத் திருகை இறுக்க வேண்டும். சின்ன மரத்தைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ள வேண்டும். கடைசியாக, மரத்தை வலத்திலிருந்து இடத்துக்குத்தான் தள்ள வேண்டும். "பள்ளிக்கூடம் தொறந்துட்டான்டா" என்று பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் சிரித்தான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் காத்திருந்த ஆள் கிருமாம்பாக்கத்திலிருந்து வந்தார். கரும்பு போடும் பெரிய குடும்பம், புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தலைவாசல் நிலைக்குத் தேக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு மிஷினைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். ஆள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாப்பா இது? நெலைக்கு மேக்க பாத்து நின்னுகினா இழைப்பீங்க? எங்கூட்ல அப்படி நடந்ததே இல்ல."

நான் திரும்பி அவன் மூக்கைப் பார்த்தேன். சகலை ஒரு கணம்தான் திகைத்தான்.

"அய்யா, மொத இழைப்பு எங்கண்ணன் கையாலதான். இழைப்புளியால கெழக்க பாத்து அவரு போடுவாரு. அப்பால மிச்சத்த மிஷின்ல விடுவேன். அவரு கை வேற யாருக்கும் வராது."

வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. முதலாளியும் தலையாட்டினார். என்னை எல்லோருக்கும் முன்னால் புகழ்ந்துவிட்டான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு இழைப்பு எனக்கு, நிலை முழுவதும் அவனுக்கு. சாமிக்குக் கற்பூரம் காட்ட மட்டும் கூப்பிட்ட ஆளைப்போல ஆனேன்.

முடிவு பண்ணிவிட்டேன். நிலையின் மேல் சட்டத்தை நானே, அந்த மிஷினிலேயே, கிழக்கு பார்த்து நின்று இழைத்து வைத்துவிடுவேன். வந்து பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை அவன் மனைவியோடு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். காலையில் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனேன். என்னை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் சட்டங்களை ஒன்று விடாமல் படித்தேன். துண்டை எடுத்து ஆணியில் மாட்டினேன். சக்கரத்தைத் திருப்பிக் கத்தியை நூல் அளவுதான் ஏற்றினேன். பூட்டுத் திருகை இறுக்கினேன்.

பிறகு மேஜையின் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே நின்றால் கிழக்கு. மரம் சாய்ந்து ஓடுவதற்கான தடுப்புப் பலகை எனக்கும் கத்திக்கும் நடுவில் இருந்தது, ஒரு சாண் உயரம்தான். அதன்மேல் குனிந்து கையை நீட்டினால் மரம் எட்டியது. மோட்டாரைப் போட்டேன். வலத்திலிருந்து இடத்துக்கு என்று சுவர் சொன்னது. என் வலத்திலிருந்து என் இடத்துக்குத் தள்ளினேன்.

மேஜையின் அந்தப் பக்கம் போனதும் என் வலம் அவனுடைய இடமாகிவிட்டது. கத்தி சுற்றுகிற திசைக்கு எதிராகப் போக வேண்டிய மரம், அதோடு சேர்ந்து போனது. கத்தி மரத்தைச் செதுக்கவில்லை, பிடுங்கியது. நாலடிச் சட்டம் என் கையிலிருந்து பறந்து எதிர்ச்சுவரில் மோதிச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. தள்ளிக்கொண்டிருந்த கை, மரம் இருந்த இடத்துக்குப் போனது.

வலி பிறகுதான் வந்தது. அப்போதுதான் பட்டறைக்குள் நுழைந்த முதலாளி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார், என் துண்டாலேயே கையைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கத்தி நூல் அளவுக்கு மேல் வெளியே நின்றிருந்தால் கையே போயிருக்கும் என்று அவர் பிறகு சொன்னார். அப்படியானால் மிச்சம் இருக்கும் கை அவன் சாக்கட்டியால் எழுதிக் கொடுத்தது. அதையும் சேர்த்துத்தான் நான் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். மிஷின் திரும்பியிருந்தது. தரையை உடைத்து, போல்ட்டுகளைப் பிடுங்கி, ஆள் கிழக்கு பார்த்து நிற்கும்படி மாற்றி இறுக்கியிருந்தான். வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. சுவரில் கடைசிச் சட்டத்தை அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தான்: கத்தி சுற்றும் திசைக்கு எதிராகத் தள்ளவும்.

கிருமாம்பாக்கத்து நிலை மட்டும் இன்னும் முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தது. நான் வரட்டும் என்று வீட்டுக்காரரிடம் தவணை கேட்டிருக்கிறான்.

என் பக்கத்தில் வந்து நின்றான். கையைப் பார்க்கவில்லை.

"தப்பு எம்மேலதாண்ணே. எங்க நின்னுகினு தள்ளணும்னு நான் எழுதல. மிஷின வெக்கறப்பவே கெழக்கு மேக்கு யோசிச்சிருக்கணும். என் புத்திக்கு எட்டல."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கு எட்டியிருந்தது, நீ கேட்டபோதே தெரியும், உன் மூக்கு உடையட்டும் என்றுதான் சும்மா இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பரவால்ல, வுடு" என்றேன். மன்னிப்பது நான்தான் என்பதுபோல.

அவன் இழைப்புளியை எடுத்து என் இடது கையில் கொடுத்தான். கிழக்கு பார்த்து நின்று முதல் இழைப்பைப் போட்டேன். கோணலாக வந்தது. அவன் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றான். விரல் போனதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. செய்த தப்பு ஒன்றுதான் முழுக்க என்னுடையதாக இருந்தது. அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.